கயிற்றை இழுத்தால் யார் வருவார்?

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த கார் ஆலையை 1982-இல் இழுத்து மூடினார்கள். அந்த ஆலைக்கு இருந்த பெயர் அப்படி. ஐந்தில் ஒருவர் எந்த நாளிலும் வேலைக்கு வரமாட்டார். திங்கட்கிழமை காலையில் லைனை ஓட்டவே ஆள் போதாமல், எதிரே இருந்த மதுக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கூப்பிட்டுவந்து நிறுத்திய கதைகளை அங்கே வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். வேலை நேரத்தில் குடி உண்டு. கார்க் கதவின் உட்புறத்தில் காலி கோக் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். வாங்கியவர் ஓட்டும்போதெல்லாம் உள்ளே ஏதோ உருளும், எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. தீர்க்கப்படாத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. இந்த ஆட்களின் தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவரான புரூஸ் லீ, அமெரிக்க கார்த் தொழிலிலேயே ஆக மோசமான தொழிலாளர்கள் என்று இவர்களைத்தான் கருதினார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டவர்.

அந்த ஆலையில் மீறவே கூடாத விதி ஒன்று இருந்தது. லைன் நிற்கக்கூடாது. ஸ்டீயரிங்கை மாற்றிப் பொருத்தியிருந்தாலும், பிரேக் விட்டுப்போயிருந்தாலும், வண்டி நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். தப்பை அப்புறம் வெளியே நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். ஒருவர் பள்ளத்துக்குள் விழுந்தபோதுகூட லைனை நிறுத்தவில்லை என்று ஒரு தொழிலாளி நினைவுகூர்ந்திருக்கிறார். நிறுத்தும் உரிமை தொழிலாளிக்குக் கிடையாது. நிறுத்தினால் வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1984 டிசம்பரில், அதே கட்டடத்தில் மறுபடி கார் ஓடத் தொடங்கியது. இந்த முறை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டு. நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங் என்று நீளமான பெயர், சுருக்கமாக நும்மி. நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம். பழைய தொழிலாளர்களை எடுப்பதில் டொயோட்டாவுக்கு முதலில் விருப்பமில்லை; பேச்சுவார்த்தைக்குப் பிறகே சம்மதித்தது. 1985 இறுதிக்குள் சேர்த்த சுமார் 2,200 பேரில் 85 சதவீதம் பழைய ஃப்ரீமான்ட் ஆட்கள். பழைய சங்க நிர்வாகிகள்கூடத் திரும்பிவந்தார்கள். அதாவது பாட்டிலை உள்ளே போட்ட கைகளும் அதில் அடக்கம்.

அடுத்து நடந்ததை ஆய்வாளர்கள் பலர் அளந்திருக்கிறார்கள். வேலைக்கு வராதோர் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது 3, 4 சதவீதத்துக்கு இறங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் உலகக் கார் ஆய்வு 1980-களின் நடுவில் ஆலைகளை ஒப்பிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காரைப் பொருத்த 31 மணி நேர உழைப்பு பிடித்தது, நும்மியில் 19. நூறு காருக்கு அங்கே 135 குறை, இங்கே 45. டொயோட்டாவின் சொந்த ஊர் ஆலையான டகாவோக்காவிலும் குறைகளின் எண்ணிக்கை அதே 45-தான். இயந்திரங்கள் ஒன்றும் பிரமாதமானவை அல்ல. சம்பளம் கார்த் தொழிலில் வழக்கமாக இருந்த அளவுதான்.

ஆட்கள் அவர்களேதான், இடமும் அதேதான் என்றால் மாறியது என்ன? ‘மேலாண்மை’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் எனக்கு அந்த வார்த்தையைவிட ஒரு கயிறு முக்கியமாகப் படுகிறது.

லைனை ஒட்டித் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். ஆண்டன் கயிறு என்பார்கள். ஜப்பானிய மொழியில் ஆண்டன் என்றால் விளக்கு. ஏதாவது சரியில்லை என்று பட்டால் தொழிலாளி அதை இழுக்கவேண்டும். மேலே பலகையில் அவருடைய இடத்துக்கான விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத்தலைவர் ஓடிவருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் மறுபடி இழுத்து விளக்கை அணைக்கலாம். முடியாவிட்டால் லைன் நிற்கும். மொத்த லைனும்.

குழுத்தலைவர்களும் அவர்களுக்கு மேலே இருந்தவர்களுமாக 450 பேரை மூன்று வாரப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் திரும்பிவந்து சொன்னதில் திரும்பத் திரும்ப வருவது ஒன்று: வேலையில் பின்தங்கினால் ஒருவர் வந்து திட்டாமல், எப்படி உதவட்டும் என்று கேட்டது. முதிர்ந்த ஆண்கள் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்திருக்கிறது. பத்து, இருபது ஆண்டு லைனில் நின்றவர்களிடம் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

ஆய்வு உலகம் இதற்கு வைத்திருக்கும் வரையறை கொஞ்சம் வறண்டது, ஆனால் துல்லியமானது. 1995-இல் ரோஜர் மேயர், ஜேம்ஸ் டேவிஸ், டேவிட் ஸ்கூர்மன் மூவரும் எழுதிய கட்டுரை இத்துறையில் எல்லோரும் தொட்டுப் போகும் கட்டுரை. நம்பிக்கை என்பது இன்னொருவர் கையில் நாம் அடிபடக்கூடிய நிலையில் நம்மை வைத்துக்கொள்ளச் சம்மதிப்பது என்கிறார்கள். அவரைக் கண்காணிக்கவோ கட்டுப்படுத்தவோ நம்மால் முடியாது என்று தெரிந்தும் சம்மதிப்பது. சம்மதிக்கும் முன் மனம் மூன்றைப் பார்க்குமாம்: இந்த ஆளுக்கு வேலை தெரியுமா, என் நலத்தில் இவருக்கு அக்கறை உண்டா, சொன்னதைச் செய்வாரா.

கயிற்றை இழுப்பவர் செய்வது இதைத்தான். ‘என்னிடத்தில் ஒரு தப்பு நடந்திருக்கிறது’ என்று விளக்கு போட்டு, மெட்டுப் பாடி ஊருக்கே அறிவிக்கிறார். வருகிறவர் எப்படி முகத்தை வைத்துக்கொள்கிறார் என்பதில் மீதிக் கதை இருக்கிறது. முதல் பத்து முறை வருகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதினொன்றாவது முறை கை மேலே போகும், அல்லது போகாது.

நம் பக்கத்துக் காட்சி ஒன்றைச் சொல்லவேண்டும். இருபதுகளின் தொடக்கத்தில் கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு பட்டறையில் ஆறு மாதம் கணக்கு எழுதினேன். என் மேசைக்கு எதிரே லேத். அதில் நின்றவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஒரு நாள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, “சார், இந்த லாட் காஸ்டிங்ல ப்ளோ ஹோல் நெறைய வருதுங்க, கொஞ்சம் வந்து பாருங்க” என்றார். சூப்பர்வைசர் நின்ற இடத்திலிருந்தே, “எத்தன பீஸ் ஆச்சுங்க?” என்று கேட்டார். “அதுக்கில்லீங்க, உள்ளுக்குள்ள ஓட்டை…” “எத்தன பீஸ் ஆச்சுன்னுதானுங்க கேட்டேன்.”

கொங்குத் தமிழின் ‘ங்க’ அந்தக் கேள்வியிலும் விட்டுப்போகவில்லை. மரியாதைக்கு எந்தக் குறைவும் கிடையாது. பெரியவர் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் அங்கிருந்தவரை அவர் மறுபடி யாரையும் கூப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஓட்டை விழுந்த பீஸும் கடைசல் முடிந்து நல்ல பீஸோடு சேர்ந்து அடுக்கில் ஏறும். வாங்கியவர் ஊரிலிருந்து திரும்பி வரும்போது யாருடைய ஷிப்ட் என்று யாருக்கும் தெரியாது. கோக் பாட்டிலின் ஒன்றுவிட்ட தம்பி என்று இப்போது தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், வருகைப் பதிவேட்டை நான்தான் எழுதினேன்; அந்தப் பெரியவர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. மூத்த மகள் கல்யாணக் கடன் இருந்தது. “கமிட்மென்ட் நெறைய இருக்குது தம்பி” என்பார்.

தமிழில் இந்த ‘கமிட்மென்ட்’ எடுத்திருக்கும் பொருளை நிர்வாகவியல் ஆசிரியர்கள் யாராவது கவனித்தார்களா தெரியவில்லை. வகுப்பில் அதற்குப் பற்று, ஈடுபாடு, கடப்பாடு என்று பல பெயர்கள். தெருவில் அதற்கு வீட்டுக் கடன், சீட்டுப் பணம், பிள்ளைகள் ஃபீஸ் என்று பொருள். ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991-இல் முன்வைத்த பகுப்பு இரண்டையும் உள்ளடக்கியது. ஒருவர் ஒரு நிறுவனத்தில் மூன்று காரணங்களால் நிற்கலாம்: பிடித்திருப்பதால் நிற்பவர், விட்டுப்போனால் கட்டுப்படியாகாது என்பதால் நிற்பவர், விட்டுப்போவது முறையல்ல என்பதால் நிற்பவர். முதலாமவரும் மூன்றாமவரும் பாடநூலில் விரும்பிப் பேசப்படுகிறார்கள். நம் தெருவழக்கு நடுவில் இருப்பவரைப் பேசுகிறது. மூவரும் வருகைப் பதிவேட்டில் ஒரே மாதிரி ‘பி’ போட்டுத்தான் தெரிவார்கள். ஆள் நிலைக்கிறார் என்பதை வைத்துப் பற்று இருக்கிறது என்று முடிவுகட்டும் மேனேஜர் பெரும்பாலும் அந்த நடு ஆளைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார். மேலாளர்மீது இருக்கும் நம்பிக்கை அதிகமும் தொடுவது முதல் வகையை. நடு வகையை வங்கி பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு தொடுகிறது? கர்ட் டிர்க்ஸும் டொனால்ட் ஃபெரினும் 2002-இல், அதற்கு முந்தைய நாற்பதாண்டுக் காலத்தில் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகக் கணக்கிட்டார்கள். 106 ஆய்வுகள், 27,103 பேர். தலைவர்மீது நம்பிக்கைக்கும் நிறுவனத்தின்மீது பற்றுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.49. மனிதர்களை அளக்கும் துறையில் இது பெரிய எண். வேலையில் மனநிறைவோடு 0.51. வேலையை விட்டுப் போகும் எண்ணத்தோடு எதிர்த்திசையில் 0.40. ஆனால் வேலையின் திறத்தோடு வெறும் 0.16. மேலாண்மைப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் இந்தக் கடைசி எண்ணை ஸ்லைடில் போடுவதில்லை. நம்பிக்கை இருந்தால் உற்பத்தி தானாகப் பெருகும் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் கேளுங்கள். திறத்துக்கு இயந்திரம் வேண்டும், பழக்கம் வேண்டும், சரியான காஸ்டிங் வேண்டும். நம்பிக்கையால் ஓட்டையை அடைக்க முடியாது. ஓட்டை இருக்கிறது என்று சொல்லவைக்கத்தான் முடியும்.

ஒட்டுறவு காரணமாகிவிடாது என்ற எச்சரிக்கையும் இங்கே தேவை. வேலையை விரும்புகிறவர் மேலாளரையும் நல்லவராகப் பார்ப்பார். சந்தோஷமாக இருக்கும் மனிதர் கேள்வித்தாளில் எல்லாக் கட்டத்திலும் நல்லதாகவே டிக் அடித்துவிட்டுப் போவார். இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்டு எழுதியவை என்பதால் அந்த 0.49-இல் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கும்.

அதே ஆய்வில் இன்னொரு பிரிப்பு இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ‘தலைவர்’ என்றால் யார்? தினமும் முகம் பார்க்கும் நேரடி மேலாளரா, அல்லது மேலே, தூரத்தில், கையெழுத்து மட்டும் வருகிற நிர்வாகமா? பிரித்துப் பார்த்தபோது, நேரடி மேலாளர்மீது உள்ள நம்பிக்கை அன்றாட வேலையோடு கூடுதலாக ஒட்டியது: வேலைத் திறம், சக ஊழியருக்குக் கை கொடுப்பது, வேலையில் நிறைவு. மேல் நிர்வாகத்தின்மீது உள்ள நம்பிக்கை நிறுவனப் பற்றோடு கூடுதலாக ஒட்டியது. நம்பிக்கை யார்மீது என்பதைப் பொறுத்துப் பற்றும் அங்கே போய்ச் சேர்கிறது. நல்ல மேனேஜருக்குக் கீழே உயிரைக் கொடுத்து வேலை செய்துகொண்டே வேறு கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருக்கும் ஆட்களை நமக்குத் தெரியும். அவர்களிடம் முரண்பாடு ஒன்றுமில்லை. இரண்டு பேரைத் தனித்தனியாக எடைபோட்டிருக்கிறார்கள்.

நம் மரபு இந்த விஷயத்தைப் பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் பார்த்தது. திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஒரு அதிகாரம். ஆளை எப்படிச் சோதித்து நம்புவது என்று வேலை கொடுப்பவருக்குச் சொல்வது. வேலை செய்பவரின் பக்கமிருந்து பேசும் அதிகாரம் எழுபதாவது, மன்னரைச் சேர்ந்தொழுதல். அதன் முதல் குறள் தரும் அறிவுரை, குளிர்காய்பவன் நெருப்பிடம் இருப்பதுபோல ரொம்பக் கிட்டேயும் போகாதே, ரொம்ப எட்டியும் போகாதே என்பது. அரசனை நம்பு என்று அது சொல்லவில்லை. சுடும் என்பதை முன்கூட்டியே வைத்துக்கொண்டு இடைவெளியை அளந்து நில் என்கிறது. நம் அலுவலகங்களில் மேனேஜர் கூப்பிட்டால் கதவருகே நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்கள் அங்கே தேடலாம்.

நம்பிக்கை எதனால் உண்டாகிறது என்பதற்கும் டிர்க்ஸ், ஃபெரின் கணக்கில் பதில் உண்டு. கிடைத்த பங்கு நியாயமா என்பதற்கும் நம்பிக்கைக்கும் ஒட்டுறவு 0.50. பங்கைத் தீர்மானித்த முறை நியாயமா என்பதற்கு 0.61. அந்த நேரத்தில் தன்னிடம் எப்படி நடந்துகொண்டார்கள், காரணம் சொன்னார்களா என்பதற்கு 0.65. சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இந்த ஏறுவரிசையைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இதை ஒரு சோதனையாகவே செய்து பார்த்தவர் ஜெரால்ட் கிரீன்பெர்க். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரே முதலாளியின் மூன்று ஆலைகள். ஆர்டர் போய்விட்டது, ஆட்குறைப்புக்குப் பதில் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு. ஓர் ஆலையில் நிறுவனத்தின் தலைவரே வந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். கணக்கை விரித்துக் காட்டினார், வருத்தம் தெரிவித்தார், கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்: ஆர்டர் போயிற்று, வெட்டு உண்டு, பத்து வாரம், அவ்வளவுதான். மூன்றாவது ஆலையில் வெட்டும் இல்லை, கூட்டமும் இல்லை.

அந்தப் பத்து வாரமும் ஆலைகளில் காணாமல்போன கருவிகளையும் சரக்கையும் கணக்கெடுத்தார்கள். வெட்டு விழுந்த இரண்டு ஆலைகளிலும் திருட்டு கூடியது. கால் மணி நேர ஆலையில் தெளிவாகவே அதிகம். அங்கிருந்து வேலையை விட்டுப் போனவர்களும் அதிகம். சம்பளம் பழையபடி ஆனதும் திருட்டும் பழையபடி ஆனது. 1990-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. பையில் போட்டுக்கொண்டு போன ஸ்பானரைச் சம்பளப் பாக்கி என்று அந்தத் தொழிலாளர்கள் மனத்துக்குள் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் இதற்குத் தரப்படும் விளக்கம். எந்த ஆலைக்கு எந்த விளக்கம் என்பதைச் சோதனைக்காகவே பிரித்துக் கொடுத்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கால் மணி நேரக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் கடன்பட்டிருக்கிறது இந்தத் துறை.

கூடவே கவனிக்க வேண்டியது: நல்ல விளக்கம் கிடைத்த ஆலையிலும் திருட்டு கூடத்தான் செய்தது. விளக்கம் சம்பளத்துக்கு மாற்று ஆகவில்லை.

சொன்னதைச் செய்வது என்ற ஒன்றை மட்டும் தனியாக எடுத்து அளந்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டோனி சைமன்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 76 ஹாலிடே இன் ஹோட்டல்கள், 6,500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள். ‘என் மேலாளர் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவார்’ என்பது போன்ற வாக்கியங்களுக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டார். சராசரியில் ஒரு புள்ளியின் எட்டில் ஒரு பங்கு கூடிய ஹோட்டல், வருமானத்தில் 2.5 சதவீத அளவுக்குக் கூடுதல் லாபம் ஈட்டியது. ஒரு ஹோட்டலுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல். அவர் அளந்த மேலாளர் குணங்களில் வேறெதற்கும் லாபத்தோடு இவ்வளவு தொடர்பு இல்லை. மேலாளர் இனிமையானவரா என்ற கேள்வியைவிட, ஞாயிற்றுக்கிழமை லீவு தருகிறேன் என்றால் தருவாரா என்ற கேள்வி கனமானது. இனிப்பாகப் பேசித் தலையாட்டிவிட்டு மறந்துபோகும் மேனேஜருக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு இதற்குப் புள்ளிவிவரம் தேவைப்படாது.

ஃப்ரீமான்டுக்குத் திரும்புகிறேன். 1985-இல் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் நும்மி ஒரு வாக்கு கொடுத்திருந்தது. நிறுவனமே நிலைக்க முடியாத நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு கிடையாது. அப்படி வந்தாலும் முதலில் மேலாளர்களின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலையை உள்ளே கொண்டுவருவோம், அதற்குப் பிறகுதான் தொழிலாளி. காகிதத்தில் எழுதுவது சுலபம். பழைய ஆட்களுக்கு இப்படிப்பட்ட காகிதங்கள் பழக்கம்.

மூன்று ஆண்டுக்குள் சோதனை வந்துவிட்டது. அவர்கள் செய்துகொண்டிருந்த ஷெவர்லே நோவா விற்கவில்லை. 1988 வாக்கில் ஆலை தன் திறனில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு இறங்கியது. வேறு எந்த அமெரிக்க கார் ஆலையாக இருந்தாலும் சில நூறு பேருக்கு அந்த வாரமே வீட்டுக்குப் போகும் சீட்டு வந்திருக்கும். நும்மியில் ஒருவரையும் அனுப்பவில்லை. லைனில் வேலை இல்லாதவர்களைப் பயிற்சி வகுப்பில் உட்காரவைத்தார்கள். வேலைமுறையில் திருத்தம் தேடும் குழுக்களில் போட்டார்கள். பெயின்ட் அடிக்கவும் பராமரிப்பு வேலைக்கும் விட்டார்கள்.

பால் ஆட்லர் என்ற ஆய்வாளர் இந்த ஆலையைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து எழுதியவர். அவர் தரும் எண்களில் ஒன்று: ஆலோசனைத் திட்டத்தில் பங்கெடுத்த தொழிலாளர்கள் 1986-இல் 26 சதவீதம், 1991-இல் 92 சதவீதம். அந்த ஆண்டு மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் யோசனைகள் வந்தன, 80 சதவீதத்துக்கும் மேல் நடைமுறைக்கு வந்தன. இந்த 26-க்கும் 92-க்கும் நடுவில் 1988 இருக்கிறது. காரணம் அதுமட்டும்தான் என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் ஒரு வேலையை இன்னும் குறைந்த ஆட்களால் செய்துவிடலாம் என்று ஒரு தொழிலாளி தானாக முன்வந்து யோசனை எழுதவேண்டுமென்றால், அந்தக் குறையும் ஆள் நாமாக இருக்கமாட்டோம் என்று அவர் நம்பியாகவேண்டும். 1988 அந்த நம்பிக்கைக்கு ஒரு ரசீது.

ஜெனரல் மோட்டார்ஸ் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தது. அதே மாநிலத்தில் வான் நைஸ் என்ற இடத்தில் அதற்கு இன்னோர் ஆலை. அங்கேயும் குழுமுறை வந்தது, அங்கேயும் கயிறு வந்தது. தொழிலாளி கயிற்றை இழுத்தால் மேலாளர்களுக்குக் கோபம் வந்தது. லைனிலிருந்து எத்தனை வண்டி இறங்கியது என்பதைக் கொண்டே அவர்களை மேலே எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள்; நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கணக்கில் பற்று. கயிறு தொங்கியது, இழுப்பவர் குறைந்தார். வான் நைஸ் ஆலையை 1992-இல் மூடிவிட்டார்கள். ‘எத்தன பீஸ் ஆச்சு’ என்று கேட்ட அந்தச் சூப்பர்வைசரையும் இப்போது நான் முன்போல் கோபத்தோடு நினைப்பதில்லை. மாலை ஆறு மணிக்கு முதலாளி அவரிடம் கேட்டதும் அதே கேள்வியைத்தான்.

நேரடி மேலாளர்மீதும் தூரத்து நிர்வாகத்தின்மீதும் வரவேண்டிய நம்பிக்கை இரண்டும் ஒரே மனிதர்மீது குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் மார்க்கெட் பாஸ்கெட் என்ற மளிகைக் கடைத் தொடர். அப்போது 71 கடைகள், ஏறக்குறைய 25,000 ஊழியர்கள், தொழிற்சங்கம் கிடையாது. குடும்பச் சண்டையில் 2014 ஜூன் மாதம் இயக்குநர் குழு, நிறுவனத்தின் தலைவர் ஆர்தர் டி. டெமூலஸை நீக்கியது. ஜூலையில் கிடங்கு ஆட்களும் லாரி ஓட்டுநர்களும் அலுவலக ஊழியர்களும் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு கேட்கவில்லை. எங்கள் முதலாளியைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். அலமாரிகள் காலியாயின. வாடிக்கையாளர்கள் வேறு கடையில் வாங்கிய பில்லைக் கொண்டுவந்து மார்க்கெட் பாஸ்கெட்டின் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆகஸ்ட் இறுதியில் எதிர்த்தரப்பு உறவினர்களின் 50.5 சதவீதப் பங்கை 150 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்க ஒப்பந்தமாகி அவர் திரும்பிவந்தார்.

ஊழியர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று 2008. அந்த ஆண்டுச் சரிவில் ஊழியர்களின் லாபப் பங்கு நிதி சுமார் 4.6 கோடி டாலர் இழந்தபோது, நிறுவனம் தன் பணத்தைப் போட்டு அதை ஈடுகட்டியது. நோவா விற்காத ஆண்டைப் போலவே இதுவும் ஒரு ரசீது. பத்திரிகைகள் இதை விசுவாசத்தின் திருவிழாவாகக் கொண்டாடின. எனக்கு அரைமனதுதான். 25,000 பேரின் பற்று ஒரே மனிதரிடம் குவிந்திருந்தால், அவர் போகும் நாளில் நிறுவனத்தில் என்ன மிஞ்சும்? ஒப்பந்தத்தில் எழுதிய வாக்கு அடுத்த தலைவரையும் கட்டுப்படுத்தும். ஒரு நல்ல மனிதரின் நினைவாற்றல் கட்டுப்படுத்தாது.

நும்மியைத் தேவலோகமாக்கிவிடவும் கூடாது. மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-இலேயே இந்த முறைக்கு ‘அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம்’ என்ற பொருள்படப் பெயர் வைத்தார்கள். லைனை எப்போதும் விளிம்பில் ஓட்டி, எங்கே முறிகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் தைத்து, மறுபடி வேகம் கூட்டுவது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பழைய ஆலையில் ஒரு நிமிடத்தில் 45 நொடிதான் கை வேலை செய்தது, இங்கே 57 நொடி என்று ஆட்லரே கணக்கு சொல்கிறார். 1993 மாடலுக்கு மாறியபோது உடல்வலிக் காயங்கள் கூடி, மாநிலப் பாதுகாப்புத் துறை ஆலைமீது நடவடிக்கை எடுத்தது. சங்கத்துக்குள்ளேயே எதிரணி ஒன்று வளர்ந்து தேர்தலில் இடங்களைப் பிடித்தது. மேலாளரை நம்பும் தொழிலாளி கூடுதலாகத் தருகிறார் என்றால், அந்தக் கூடுதல் அவர் மணிக்கட்டிலிருந்தும் போகலாம். நம்பிக்கையின் பலனை நிறுவனத்தின் லாபக் கணக்கில் மட்டும் அளக்கும் ஆய்வுகளுக்கு இந்த மணிக்கட்டு கண்ணில் படுவதில்லை. எதிரணி இருந்ததை நான் நம்பிக்கைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஃப்ரீமான்டில் கோபம் கோக் பாட்டிலாகக் கதவுக்குள் போனது. இங்கே ஓட்டுச்சீட்டாக வெளியே வந்தது.

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நடவடிக்கைக்குள் போனபோது நும்மிக் கூட்டிலிருந்து விலகிக்கொண்டது. தனியாக நடத்துவது கட்டுப்படியாகாது என்று டொயோட்டாவும் ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. முடிவு எடுத்தவர்கள் டெட்ராய்டிலும் டொயோட்டா சிட்டியிலும் இருந்தார்கள். 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கார் லைனிலிருந்து இறங்கியது. சிவப்பு நிறக் கரோலா. ஏறக்குறைய 4,700 பேருக்கு வேலை போயிற்று. கயிற்றை இழுத்தால் ஓடிவரும் குழுத்தலைவருக்கும் அன்றுதான் கடைசி ஷிப்ட்.